பட்டாளத்துக் கட்டிடமும் ஒரு டிபன் கேரியரும்

எந்த விஷயத்தையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொன்ன மாதிரி இருக்கும். ஆகவே கட்டிடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். மாமனார் பிறகு வருவார். அவரைவிடக் கட்டிடத்துக்கு வயது அதிகம், பிடிவாதம் கொஞ்சம் குறைவு.

கடற்படையின் கப்பல் பட்டறைக்கு எதிரே, சாலைக்கு இந்தப் பக்கம் நீளமாகப் படுத்துக் கிடக்கிறதே, அதுதான் எங்கள் கட்டிடம். கல் சுவர், உயரமான கூரை, நடுவில் கவாத்து மைதானம், அதைச் சுற்றி வரிசையாக அறைகள். ஊரில் எல்லோரும் 'பட்டாளம்' என்றுதான் சொல்வார்கள். கடல் வழியாக வரப்போகும் எதிரியிடமிருந்து பட்டறையைக் காப்பாற்றத் தரைப்படைச் சிப்பாய்களைக் கொண்டுவந்து இதில் குடிவைத்தார்கள். எதிரி வரவில்லை. இப்படி ஓர் ஊர் இருப்பதே எதிரிக்குத் தெரியாது என்றும் ஒரு பேச்சு உண்டு. கை அரித்த சிப்பாய்கள், பட்டறை மாலுமிகளோடு சாராயக் கடையில் சண்டை போட்டார்கள். இந்தக் கட்டிடம் கண்ட போர் அது ஒன்றுதான். வாராவாரம் நடந்தது. இரண்டு தரப்பும் வெற்றி பெற்றதாகத் தங்கள் மேலிடத்துக்கு எழுதிக்கொண்டன.

மைதானத்து மூலையில் ஒரு பீரங்கி இருக்கிறது. அது வாழ்நாளில் ஒரே தடவைதான் வெடித்தது. யாரோ பெரிய மனிதர் கப்பலில் வந்து இறங்கியபோது மரியாதைக்காக வெடித்தார்கள். பட்டறை மேலதிகாரி வீட்டு ஜன்னல் கண்ணாடி அத்தனையும் கொட்டிப்போனது. அதன் பிறகு பீரங்கியின் வாயில் சிமெண்டு பூசிவிட்டார்கள். இப்போது அதன்மேல் எங்கள் வீட்டுப் பெண்கள் துணி காயப்போடுகிறார்கள். உருப்படியான வேலை அதற்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

பட்டாளம் காலி செய்துகொண்டு போன பிறகு கொஞ்ச காலம் தொற்றுநோய் மருத்துவமனை, கொஞ்ச காலம் மூட்டைக் கிடங்கு, கொஞ்ச காலம் வௌவால்கள். பிறகு ஒரு பெரும்புயல் வந்து பட்டறைத் தொழிலாளர்களின் குடியிருப்பை அள்ளிக்கொண்டு போயிற்று. அவர்களைத் தற்காலிகமாக இங்கே கொண்டுவந்து விட்டார்கள். தற்காலிகமாக வந்தவர்களுக்கு நிரந்தரமாகப் பிள்ளைகள் பிறந்தன. அந்தப் பிள்ளைகளுக்கும் கல்யாணமாகி, என்னைப் போன்ற மாப்பிள்ளைகள் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தோம்.

கூரை ஒழுகியது. தரைப்படையிடம் போய்ச் சொன்னால், "குடியிருக்கிறவர்கள் கடற்படை ஆட்கள், அங்கே போங்கள்" என்றார்கள். கடற்படையிடம் போனால், "கட்டிடம் தரைப்படையுடையது, அங்கே போங்கள்" என்றார்கள். கூரை மட்டும் பாரபட்சம் பார்க்காமல் ஒழுகியது. கடைசியில் ஜனங்கள் தாங்களே பழுதுபார்க்க ஆரம்பித்தார்கள். எதை வைத்து என்றால், எதிரே பட்டறையில் இருந்ததை வைத்துத்தான். ஆகவே எங்கள் கதவுகளுக்குக் கப்பல் கீல், குழாய்களுக்குக் கப்பல் திருகு, சுவர்களுக்குப் போர்க்கப்பலின் சாம்பல் பெயிண்ட். தொட்டில், கோழிக்கூண்டு, பிள்ளைகளின் ஸ்கூல் பெஞ்சு எல்லாம் ஒரே சாம்பல். தூரத்திலிருந்து பார்த்தால் தரை தட்டிய கப்பல் ஒன்றில் ஜனங்கள் துணி காயப்போட்டிருப்பதாகத் தோன்றும்.

இனி மாமனார்.

அவர் பட்டறையின் பெரிய கேட்டில் காவலராகச் சேர்ந்து, தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவர். வேலை முடிந்து வெளியே போகும் ஆட்களைத் தடவிப் பார்த்து, பையைக் கவிழ்த்துக் கொட்டி, செருப்பைக் கழற்றச் சொல்லி அனுப்புவது அவர் பொறுப்பு. "என் கேட்டைத் தாண்டி ஒரு ஆணி வெளிய போனதில்ல" என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் வாசகம். சொல்லிச் சொல்லி அவருக்கு 'ஆணி' என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது. பதவி ஓய்வின்போது கடற்படை ஒரு கேடயம் கொடுத்து அந்த வாசகத்தையே அதில் பொறித்தது. நான் முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போன அன்று என் பையை வாங்கித் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காரச் சொன்னார். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன் என்றதும், "நல்லது. நமக்குக் கண்ணுதான் முக்கியம்" என்றார்.

அந்தக் கேடயம் எங்கள் அறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. ஆணியின் தலையில் பொடியாக ஒரு நங்கூரம் இருக்கிறது. கடற்படையின் சாமான்கள் எல்லாவற்றிலும் அந்த முத்திரை இருக்கும். என் தொழில் அப்படி, பொடி எழுத்து எனக்குச் சட்டென்று தெரிந்துவிடும். வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

இப்படியே காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது கடலோரத்தில் நிலத்தின் விலை ஏறியது. சிப்பாய்கள் மூட்டைப்பூச்சியோடு படுத்திருந்த இடத்தில் பணக்காரர்களைப் படுக்கவைத்து வாடகை வாங்கலாம் என்று ஒரு ஓட்டல்காரர் கண்டுபிடித்தார். அதுவரை அனாதையாகக் கிடந்த கட்டிடத்துக்கு ஒரே நாளில் இரண்டு தகப்பன்கள் முளைத்தார்கள். தரைப்படைத் தகப்பனிடம் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாததால் அவர் சீக்கிரமே ஒதுங்கிக்கொண்டார். கடற்படைத் தகப்பன் ஒதுங்காமல் எங்களைக் காலி செய்யச் சொன்னார், நாங்கள் மாட்டோம் என்றோம். வழக்கை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நியமித்தார்கள்.

கடற்படையின் சொத்து அதிகாரி ஒருநாள் கட்டிடத்தைப் பார்வையிட வந்தார். பளபளக்கும் ஷூ, பணிவான பேச்சு, கையில் ஒரு பூதக்கண்ணாடி. அந்தப் பூதக்கண்ணாடியை முந்தின நாள் எங்கள் கடையில்தான் வாங்கினார். நல்ல லென்ஸாகப் பார்த்து எடுத்துக் கொடுத்து, துடைக்கத் துணியும் இலவசமாகக் கொடுத்தவன் நான்தான்.

அவரைக் கண்டதும் எங்கள் ஜனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷமாகத் தங்கள் வீட்டைப் பார்க்க ஒரு அதிகாரி வந்ததே இல்லை. நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள். வீடு கட்டியவன் விருந்தாளிக்குச் சுற்றிக் காட்டுவதுபோல ஒவ்வொருவரும் அவரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"இந்தக் கீலைப் பாருங்க சார், அசல் கப்பல் சாமான். எங்க அப்பா காலத்துல போட்டது, இன்னும் ஒரு கிறீச் கிடையாது."

"சார், இந்தக் குழாய்! கடைக் குழாயா இது? கப்பல்ல கேப்டன் குளிக்கிற ரூம்ல இருந்தது சார்!"

பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உண்டு, நாங்கள் பெரியப்பா என்போம். அவர் அதிகாரியின் பூதக்கண்ணாடியைத் தானே வாங்கி, திருகாணியின் தலையில் வைத்து, "தெரியுதுங்களா நங்கூரம்? போலி இல்ல" என்று காட்டிக் கொடுத்தார்.

அதிகாரி எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டார். டீயையும் குடித்தார். போகும்போது கைகூப்பி, "ரொம்ப உதவியா இருந்தீங்க" என்றார். அன்று முழுக்க எங்கள் ஜனங்கள் அவர் குணத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

மறுவாரம் எங்கள் வக்கீலம்மா வந்து மைதானத்தில் எல்லோரையும் உட்காரவைத்தார். முகம் சரியில்லை.

"விஷயம் ரொம்ப சுலபம். இவ்வளவு காலம் இந்தக் கட்டிடத்தை யார் பராமரிச்சாங்கங்கறதுதான் கேள்வி. நீங்க உங்க சொந்த முயற்சியில பராமரிச்சிருந்தா, தங்க உங்களுக்கு உரிமை உண்டு. கடற்படை பராமரிச்சிருந்தா நீங்க விருந்தாளிங்க. விருந்தாளியை எப்ப வேணும்னாலும் கிளம்புன்னு சொல்லலாம். இப்ப அவங்க ஒவ்வொரு ஆணியிலயும் நங்கூரத்தைக் காட்டி, பாருங்க, நாங்கதான் எல்லாம் செஞ்சு குடுத்தோம்ங்கறாங்க."

ஃபிட்டர் பெரியப்பா துள்ளி எழுந்தார். "அவன் எங்கம்மா குடுத்தான்? ஒரு ஸ்க்ரூ குடுத்திருப்பானா? எல்லாம் நாங்க திருடிட்டு வந்ததும்மா!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"இப்ப சொன்னீங்களே, அதைத்தான் விசாரணையில சொல்லணும்" என்றார் வக்கீலம்மா.

"திருட்டு எப்படிம்மா சொந்த முயற்சி ஆகும்?"

"முயற்சி உங்களுதுதானே?"

"பிடிச்சு உள்ள போட்டுட மாட்டாங்களா?"

"பழைய கதை. செஞ்சவங்கள்ல பாதிப்பேர் உயிரோட இல்ல. மீதிப்பேரைப் பிடிச்சா கடற்படைதான் வைத்தியச் செலவு பார்க்கணும். பயப்படாம சொல்லுங்க. ஆனா நிஜமாவே திருடுனோம்னு நீதிபதி நம்பணும்."

அதுவரை 'எங்கள் அப்பா நேர்மையானவர், எங்கள் தாத்தா கைசுத்தம்' என்று பேசிக்கொண்டிருந்த வம்சங்களுக்கு அன்று சாயங்காலம் புது ரத்தம் பாய்ந்தது. ஆளாளுக்கு முந்திக்கொண்டு எழுந்தார்கள்.

"எங்கப்பா தண்ணித் தொட்டியவே ரெண்டாப் பிரிச்சுக் கொண்டு வந்தவரு!"

"தொட்டி என்னய்யா தொட்டி, எங்க மாமனாரு ஏணி கொண்டு வந்தாரு. ஏணி! காலுக்குக் கட்டுப் போட்ட மாதிரி உள்ள வெச்சு நொண்டிக்கிட்டே வந்தாரு!"

கடைசி அறை அத்தை, பட்டறை கேண்டீனில் பாத்திரம் கழுவியவர், மெதுவாக எழுந்து தன் வீட்டு ஜன்னலைக் காட்டினார். கனத்த பித்தளை வளையம் போட்ட வட்டமான கப்பல் ஜன்னல். "அதை நான் வயித்துல கட்டிக்கிட்டு வந்தேன். கேட்ல நம்ம ஆணி அண்ணன்தான் நின்னாரு. மாசமா இருக்கற பொண்ணு, வழி விடுங்கப்பான்னு கியூவையே ஒதுக்கி விட்டாரு."

"அப்புறம் என்ன குழந்தைன்னு கேக்கலியா அத்தை?"

"கேட்டாரே. நல்லாக் கண்ணாடி மாதிரி இருக்குண்ணே, அப்படின்னேன்."

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. ஒருவர் மட்டும் சிரிக்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவர் அப்பா உண்மையாகவே எதையும் எடுக்காத மனுஷன். "நல்லா யோசிச்சுப் பாருப்பா, ஒரு துண்டுக் கம்பிகூடவா எடுக்கலை?" என்று பெரியவர்கள் அவரைத் தேற்றினார்கள். அவர் எழுந்து வீட்டுக்குப் போனார். அம்மாவைக் கேட்டுவிட்டு முகமெல்லாம் மலர்ச்சியாக ஓடிவந்தார். "ஒரு தாழ்ப்பாள் எடுத்திருக்காராம்!" எல்லோரும் கைதட்டி அவரை நடுவில் உட்காரவைத்தார்கள்.

வக்கீலம்மா கையை உயர்த்தினார். "உங்க பேச்சு மட்டும் போதாது. வீட்டுக்காகப் பெத்தவனையே திருடன்னு சொல்றாங்கன்னு மடக்குவாங்க. சாமான் கேட்டைத் தாண்டி வந்துச்சுன்னு கேட்ல நின்ன ஆள் ஒருத்தர் சொல்லணும்."

எல்லோரும் எங்கள் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமனார் கூட்டத்துக்கு வரவில்லை. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டில் கப்பலில் மாலுமிகள் படுக்கும் இரும்புக் கட்டில். மாமியார் மூலையில் உட்கார்ந்து, தன் பழைய மூன்றடுக்கு டிபன் கேரியரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மாமனார் கேட்டில் காவலராக இருந்த காலம் முழுக்க மாமியார்தான் மதியச் சாப்பாட்டை அதில் கொண்டுபோய்க் கொடுத்தவர்.

"மாமா, ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இந்த அறையும் போச்சுன்னா என் சம்பளத்துக்கு வெளியில கிடைக்கிற அறையில தலை நிமிர்ந்து நிக்கக்கூட முடியாது" என்றேன்.

"எந்த வார்த்தை மாப்பிள்ளை? இத்தனை வருஷம் கண்ணை மூடிக்கிட்டு நின்னேன்னா?"

"அப்பா, நீங்க உக்காந்திருக்கற கட்டில்ல நங்கூரம் இருக்குப்பா. இது எப்படி வந்துச்சு?" என்றாள் என் மனைவி.

"கழிச்சுப் போட்ட சாமானா இருக்கும். ஆபீஸ்ல முறைப்படி எழுதி வாங்கியிருப்பாங்க."

"யாரு?"

"உங்கம்மாவைக் கேளு. வீட்டு விவகாரம் அவளுக்குத்தான் தெரியும்."

மாமியார் நிமிரவே இல்லை. "எனக்கென்ன தெரியும். நான் சோத்தைக் கொண்டு போனேன், பாத்திரத்தைக் கொண்டு வந்தேன்."

"வீட்டை விட்டுப் போகச் சொன்னா போவேன். தெருவுல நிப்பேன். ஆனா நிக்கறப்போ ஆணின்னு நிப்பேன்" என்று சொல்லிவிட்டு மாமனார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இதில் கொடுமை என்னவென்றால், அவரை எங்கள் பக்கம் இழுக்க நாங்கள் தவித்துக்கொண்டிருந்தபோது, கடற்படையே தன் சாட்சியாக அவரை அழைத்துவிட்டது. மறக்காமல் கேடயத்தையும் கொண்டுவரச் சொன்னது.

விசாரணை பட்டறைக்கு உள்ளே, தலைமை அலுவலகத்தின் கூட்ட அறையில் நடந்தது. தேக்குக் கதவு, பெரிய பித்தளைக் கைப்பிடி, நீள மேசை. நீதிபதி சர்க்கரை நோயாளி, எது நடந்தாலும் நேரத்துக்குச் சாப்பிட்டுவிடுவார். காலையில் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் அப்பன் பாட்டன் பெருமைகளைச் சொன்னார்கள். ஏணி வந்தது, தொட்டி வந்தது. தாழ்ப்பாள் எடுத்தவரின் மகன் கண் கலங்கிவிட்டார்.

சொத்து அதிகாரி எழுந்தார். "ஐயா, ஒரு அறைக்காக இவங்க அப்பாவைத் திருடன்ங்கறாங்க. ரெண்டு அறை கிடைக்கும்னா கொலைகாரன்னும் சொல்வாங்க. எங்க கேட்டைத் தாண்டி எதுவும் போகாது. அதுக்குக் காவல் இருந்தவரே மதியத்துக்கு மேல சாட்சி சொல்வார்."

சாப்பாட்டு இடைவேளை. அதிகாரி வெளியே போகும்போது ஃபிட்டர் பெரியப்பா ஓடிப்போய், ஒரு பெரிய மனிதருக்குச் செய்வதுபோலக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு பணிவோடு நின்றார். எல்லோரும் போகும்வரை நின்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு சொன்ன பிறகும் இந்த மனிதருக்கு முதுகு நிமிரவில்லையே என்று நினைத்தேன்.

மாமியார் வழக்கம்போலக் கேரியரில் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். மாமனார் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் மாமியார் அப்படியே அடுக்கி எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார்.

"எச்சில் பாத்திரத்தோட கேட்டைத் தாண்டுவியா? கழுவிட்டுப் போ."

"நான் கழுவிக் குடுக்கறேன், குடுங்க" என்று பெரியப்பா வாங்கிக்கொண்டு போனார். மாமனாருக்குச் சுத்தம் ஒரு பைத்தியம் என்று அன்றைக்கும் அவ்வளவுதான் நினைத்தேன். மாமியார் கேரியரோடு போய்விட்டு, விசாரணை ஆரம்பிப்பதற்குள் திரும்பி வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்.

மதியத்துக்கு மேல் கதவு சரியாகச் சாத்தவில்லை. காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. அதிகாரி ஒரு காகிதத்தை மடித்துச் சொருகிவிட்டு வந்தார்.

மாமனார் சாட்சி சொல்ல எழுந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். கேடயம் மேசைமேல் இருந்தது.

"உங்க கேட்டைத் தாண்டிப் பட்டறைச் சாமான் ஏதாவது வெளிய போயிருக்கா?"

"என் கேட்டைத் தாண்டி ஒரு ஆணி வெளிய போனதில்லீங்கய்யா."

"இவங்க எல்லாம் திருடிட்டுப் போனதாச் சொல்றாங்களே?"

"சொல்வாங்க. போகலை."

அதிகாரி உட்கார்ந்தார். எங்கள் வக்கீலம்மா பேனாவை மூடினார். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீதிபதி காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

பின்வரிசையில் மாமியார் எழுந்தார்.

"ஐயா, நான் அவர் சம்சாரம். ஒரு பாத்திரத்தைக் காட்டணும்."

"இது விசாரணை மன்றம், சமையல்கட்டு இல்ல" என்றார் அதிகாரி.

"சாப்பாடாம்மா? நான் சாப்பிட்டாச்சே" என்றார் நீதிபதி.

"சாப்பாடு இல்லீங்கய்யா."

மேசைக்கு வந்து கேரியரை வைத்தார். கொக்கியை விடுவித்தார். மேல் தட்டை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார், காலி. நடுத்தட்டு, அதுவும் காலி. அடித்தட்டை நீதிபதிக்கு முன்னால் நகர்த்தினார். உள்ளே, துணியில் சுற்றி, நங்கூரம் பொறித்த பித்தளைக் கைப்பிடி ஒன்று கிடந்தது. அறையில் இருந்த அத்தனை தலைகளும் கதவுப் பக்கம் திரும்பின. கைப்பிடி இருந்த இடத்தில் நாலு ஓட்டைகள் இருந்தன. ஃபிட்டர் பெரியப்பா மட்டும் திரும்பவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் எடுத்தது இதை?" அதிகாரி கத்தினார்.

"யார் எடுத்தா என்னங்க? இதை எடுத்துக்கிட்டு உங்க கேட்டைத் தாண்டி எங்க ரூம் வரைக்கும் போனேன். ஒரு வாய் தண்ணி குடிச்சேன். திரும்பி வந்தேன். போறப்போ கேட்ல இருந்த தம்பி சல்யூட் வெச்சாரு, பெரியவர் வீட்டம்மான்னு."

நீதிபதி முன்னால் சாய்ந்தார். "முன்னாடியும் இப்படித்தானா?"

"தினமும். ஒருநாள் ஒரு தட்டுப் பெயிண்ட். ஒருநாள் கீல், ஒருநாள் ஸ்க்ரூ. மழை வர்ற மாதிரி இருந்தா தார். அவரு சாப்பிட்டதும் பாத்திரத்தைக் கழுவச் சொல்லி உள்ள அனுப்புவாரு. பெயிண்ட் ஸ்டோருக்குப் பின்னாடிதான் குழாய். அங்க யாராவது இருப்பாங்க."

"நான் கழுவத்தானே குடுத்தேன்?" மாமனாரின் குரல் அவர் குரல் மாதிரியே இல்லை.

"கழுவித்தான் குடுத்தாங்க. கழுவி, நிரப்பிக் குடுத்தாங்க."

"எல்லாருக்கும் தெரியுமா?"

 எங்கள் ஜனங்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் செருப்பைப் பார்த்தார்கள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னேனே! கூரை ஒழுகுது, தொட்டில்ல தண்ணி சொட்டுதுன்னு எத்தனை தடவை சொன்னேன்! மனு எழுதிக் குடு, முறைப்படி வரும்னீங்க. முறைப்படி வரட்டும்னு நான் உக்காந்திருந்தா, உங்க பொண்ணு நடக்கறதுக்கு முன்னாடி நீச்சல் கத்துக்கிட்டிருப்பா."

 மாமனார் அடித்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை ஆண்களின் செருப்பைக் கழற்றிப் பார்த்தவர், ஒரே ஒரு பாத்திரத்தை மட்டும் திறந்து பார்த்ததில்லை. ஏனென்றால் அது அவருடைய பாத்திரம்.

"பெரியவரே, சொன்னதை மாத்திக்கிறீங்களா? அவசரமில்ல. வற்புறுத்தலும் இல்ல" என்றார் நீதிபதி.

மாமனார் மகளைப் பார்த்தார். பிறகு குதிகால்களைச் சேர்த்து, கேட்டில் நிற்பதுபோல விறைப்பாக நின்றார்.

"மாத்தி எழுதிக்குங்கய்யா. என் கேட்டைத் தாண்டி ஒரு ஆணி விடாம எல்லாம் போயிருக்கு."

கேடயத்தை எடுத்து அதிகாரி முன்னால் வைத்துவிட்டு வெளியே நடந்தார். கதவைத் திறக்கக் கைப்பிடி இல்லாததால் சற்றுத் தடுமாறினார். ஃபிட்டர் பெரியப்பா எழுந்து வந்து திறந்துவிட்டார். இந்தத் தடவை அதில் பாசாங்கு இல்லை.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம். ஜெயித்தோம்தான், ஆனால் நாங்கள் நினைத்த வழியில் அல்ல.

கடற்படை உட்கார்ந்து யோசித்தது. ஒவ்வொரு வருஷமும் ஸ்டோரைச் சோதித்து 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று அதிகாரிகள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு கட்டிடம் முழுக்கச் சாமான் வெளியே போயிருந்தால், அந்தக் கையெழுத்துகள் என்ன ஆகும்? அப்படிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் இப்போது மிகவும் உயரத்தில் இருக்கிறார். ஓட்டல் போனால் போகட்டும், அவர் போகக் கூடாது.

அடுத்த அமர்வில் சொத்து அதிகாரி வேறு குரலில் பேசினார். "ஐயா, பட்டறையில எப்பவும் எதுவும் திருடு போனதில்ல. அந்தக் கட்டிடத்துல இருக்கற சாமான் எதுவும் எங்களுது இல்ல. நங்கூரத்தை யார் வேணும்னாலும் பொறிச்சுக்கலாம்."

நீதிபதி பித்தளைக் கைப்பிடியைத் தூக்கிக் காட்டினார். "இது?"

அதிகாரி கதவைப் பார்த்தார். அதைக் கயிறு போட்டு ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார்கள்.

"எங்களுது இல்லீங்கய்யா."

ஆகவே குடியிருப்போர் தங்கள் சொந்தப் பொருளைக்கொண்டு கட்டிடத்தைப் பராமரித்தார்கள் என்று தீர்ப்பாயிற்று. யாரும் எங்களைக் கிளப்ப முடியாது. வாசலில் கட்டிடத்தின் வரலாறு எழுதிய பலகை ஒன்றும் வைத்தார்கள். தீரமிக்க படைவீரர்கள் என்று ஆரம்பித்து, நேர்மையும் உழைப்பும் மிக்க தொழிலாளர் குடும்பங்கள் என்று முடிகிறது. சாராயக் கடையும் இல்லை, கண்ணாடி உடைந்ததும் இல்லை. படித்துவிட்டு ஃபிட்டர் பெரியப்பா காறித் துப்பினார். "எங்கப்பா கஷ்டப்பட்டுச் சம்பாதிச்ச பேரை ஒரே வரியில கெடுத்துட்டானுங்க." தாழ்ப்பாள் எடுத்தவரின் மகன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

திருட்டே நடக்கவில்லை என்று ஆகிவிட்டதால், கடற்படை ஆள் அனுப்பிக் கேடயத்தைத் திருப்பிக் கொடுத்தது. நான்தான் அதைப் பழைய ஆணியிலேயே மாட்டினேன். யாருக்கும் சொந்தமில்லாத கைப்பிடியை எங்கள் அறைக் கதவில் பொருத்தினோம். மாமனார் கொஞ்ச நாள் மாமியாரோடு பேசவில்லை. சாப்பிடும்போது மட்டும் பாத்திரத்தின் மூடியைத் தூக்கி உள்ளே பார்ப்பார். மாமியார் கண்டுகொள்ளவில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம், அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒத்தையா இருக்கே."

"எது?" என்றார் மாமியார்.

"கைப்பிடி. கதவுக்கு உள்பக்கம் ஒண்ணு வேணும்ல."

"அதோட ஜோடி அங்க அந்தக் கதவுல வெளிப்பக்கமாத்தான் இருக்கு."

மாமனார் மறுபடி பேப்பரைப் பிரித்தார். ஒரு பக்கம் முழுக்கப் படித்தார், அல்லது படிப்பதுபோல இருந்தார்.

"வர்ற வாரம் பென்ஷன் ஆபீசுக்குப் போகணும். உயிரோட இருக்கேன்னு காட்டணும்."

"போய்ட்டு வாங்க."

"அந்தக் கூட்ட ரூமுக்கு அடுத்த ரூம்தான். ஃபிட்டரையும் அன்னைக்குத்தான் வரச் சொல்லியிருக்காங்க."

மாமியார் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"நேரமாகும். சாப்பாடு கொண்டு வந்துடு" என்றார் மாமனார். "கேட்ல இப்ப இருக்கறானே, அவன் கேரியரைத் தொட்டுக்கூடப் பார்க்கறதில்ல. வேலை தெரியாத பய."

பேப்பருக்குப் பின்னாலிருந்து மறுபடியும் குரல் வந்தது.

"கழுவாம மட்டும் வெளிய கொண்டு வந்துடாதே."